மைக் அக்கா வீட்டின் நீளம்

தங்கச்சி கல்யாணமாகிப் போன மறுநாள் காலையில் மைக் அக்காவின் வீடு ஒரு முழம் நீண்டிருந்தது. வெளியே ஒரு மாற்றமும் இல்லை. இந்தப் பக்கம் தையல்காரர் வீடு, அந்தப் பக்கம் மாவு மில், நடுவே பழையபடி சாம்பல் நிறச் சுவரும் பச்சைக் கதவும். நீளமெல்லாம் உள்ளேதான். கூடத்துச் சுவரிலிருந்து சமையலறை வாசல்வரை அளவெடுத்த மாதிரி கிடந்த பாய், இப்போது சமையலறையை எட்டாமல் நின்றது. பாய்தான் சுருங்கிவிட்டது என்று அக்கா அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பாய் கிழிந்தது, இடைவெளி அப்படியே இருந்தது. வேலைக்கு நேரமாகிவிட்டதால் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ரயில் நிலைய மைக்கில் வண்டிகளின் வரவையும் தாமதத்தையும் சொல்வது அவள் வேலை. ஊரில் அவள் குரலைக் கேட்காதவர்கள் கிடையாது, முகம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அப்பா அம்மா காலமான பிறகு அக்காவும் தங்கச்சியும் மட்டும் அந்த வீட்டில் இருந்தார்கள். வந்த வரன் அமையவில்லை, அமைகிற மாதிரி இருந்தது வரவில்லை, அப்படியே வயது போய்விட்டது. மின்விசிறியை எவ்வளவு வேகமாக வைப்பது, ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று இருவருக்கும் தினமும் சண்டை. அக்காவுக்குக் கோபம் வந்தாலும் “கழுதை” என்பாள், பிரியம் வந்தாலும் “கழுதை” என்பாள். தங்கச்சி குரலை வைத்து எது என்று கண்டுபிடித்துக்கொள்வாள். தலை நரைக்கத் தொடங்கிய வயதில், எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று பக்கத்து நகரத்துக் கண்ணாடிக் கடைக்குப் போன தங்கச்சி, கண்ணாடியோடு மாப்பிள்ளையையும் பார்த்துவிட்டு வந்தாள். கடைக்காரர் தனிக்கட்டை, நல்ல மனுஷர். ஆனாலும் “நீ தனியா என்னக்கா பண்ணுவே?” என்று சொல்லிச் சொல்லியே தங்கச்சி கல்யாணத் தேதியைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அக்காதான் பிடித்துத் தள்ளாத குறையாகப் பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முறை வரும்வரை அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, தங்கச்சி அக்காவின் தோளில் சாய்ந்துகொண்டிருந்தாள்.

அதனால்தான் வீடு நீளும் சமாச்சாரத்தை அக்கா தங்கச்சியிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் அடுத்த வண்டியைப் பிடித்து வந்து நிற்பாள், திரும்பிப் போகமாட்டாள். போனில் தங்கச்சி, “வீடு எப்படிக்கா இருக்கு?” என்று கேட்டபோது, “வீட்டுக்கென்ன, நல்லா நீட்டா இருக்கு” என்றாள். அதில் பொய் எதுவும் இல்லை.

மழைக்காலம் வருவதற்குள் கூடத்திலிருந்து சமையலறைக்குப் போவதே ஒரு பயணமாகிவிட்டது. டீயைத் தம்ளரில் எடுத்து வந்தால் வழியிலேயே ஆறிவிடுகிறது என்று அக்கா பிளாஸ்க் வாங்கினாள். பாதி வழியில் உட்கார ஒரு முக்காலி போட்டாள். ஒருநாள் காலையில் பழக்கதோஷத்தில் சமையலறைப் பக்கம் பார்த்து, “ஏய், டீ ஆறுது, வா” என்று குரல் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் திரும்பிக் கதவைத் திறக்கும்போது அந்தக் குரல் அந்தக் கோடிவரை போய்விட்டு அப்போதுதான் வந்து சேர்ந்தது. “டீ ஆறுது, வா” என்று தன் குரலே தன்னைக் கூப்பிட்டதைக் கேட்டு அக்கா செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். இரவல் வாங்கிய கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுக்க வந்த தையல்காரர், அக்கா சமையலறையில் இருப்பாள் என்று நினைத்து நடக்க ஆரம்பித்தவர், பாதியில் முக்காலியில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். தொழில் புத்தி சும்மா விடுமா, மறுநாள் டேப்பைக் கொண்டுவந்து அளந்து பார்த்தார். “டேப்பு பத்தலம்மா” என்று மட்டும் சொன்னார். தெருவில் இது ஒரு வாரம் பேச்சாக இருந்தது, பிறகு மாவு மில்லில் மோட்டார் எரிந்துபோனதால் பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

முழங்கால் வலி என்று அக்கா டாக்டரம்மாவிடம் போனாள். தினமும் எவ்வளவு நடக்கிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டாள். வீட்டுக்குள்ளே மட்டும்தான் என்று அக்கா நடந்ததைச் சொன்னாள். டாக்டரம்மா முழங்காலை அமுக்கிப் பார்த்துக்கொண்டே முழுக்கக் கேட்டாள், ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. தடவ ஒரு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, “துணைக்கு ஒரு பிராணி வளருங்க. எதை வளர்க்கறதுங்கறதுல மட்டும் அவசரப்படாதீங்க” என்றாள்.

பிராணிகள் காப்பகம் ஊருக்கு வெளியே தண்ணீர் தொட்டிக்குப் பின்னால் இருந்தது. அதை நடத்துகிறவள் ரப்பர் பூட்ஸ் போட்ட, சிடுசிடுப்பான ஒரு பெண். “காவலுக்கா, துணைக்கா?” என்று கேட்டாள். துணைக்கு என்றாள் அக்கா. “துணைன்னா எப்படி? பேச்சுத் துணையா, சும்மா கூட இருக்கற துணையா?” என்று அவள் விடாமல் கேட்டாள். இவ்வளவு பெரிய வீட்டை நிரப்ப வேண்டுமே என்கிற கணக்கில், அக்கா இருப்பதிலேயே துள்ளலான ஒரு நாயைக் காட்டி அதைக் கேட்டாள்.

நாய்க்கு வீடு ரொம்பப் பிடித்துவிட்டது. அதுதான் வம்பு. பச்சைக் கதவுக்குள் நுழைந்ததும் ஓட்டம் பிடித்தது, இரண்டாம் நாள்தான் திரும்பி வந்தது, இளைத்துப்போய், ஆனால் முகமெல்லாம் சந்தோஷமாக. அது ஓட ஆசைப்பட்டதைப் பார்த்து வீடும் தாராளமாக நீண்டு கொடுத்தது. தையல்காரரின் மனைவி அதன் மேல் உயிராக இருந்ததால் நாய் அந்த வீட்டுக்குப் போயிற்று. அடுத்து வந்த பூனை, வந்த அன்றே கடைசி அறையைப் பிடித்துக்கொண்டது. அக்கா இந்தக் கோடியில், பூனை அந்தக் கோடியில், இரண்டு ஊர்க்காரர்கள் மாதிரி எப்போதாவது வழியில் பார்த்துக்கொண்டார்கள். ஒருநாள் அது யாரிடமும் சொல்லாமல் காப்பகத்துக்கே நடந்து போய்விட்டது. மூன்றாவதாகக் கிளி. பேச்சுத் துணை வேண்டும் என்று அக்காவே கேட்டு வாங்கினாள். கிளி அவள் குரலை அச்சு அசலாகப் பிடித்துக்கொண்டு, எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று பகல் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தது. தெருவில் போகிறவர்கள் நம்பிவிட்டார்கள். அக்கா வேலை முடிந்து வரும்போது, பெட்டியும் பையுமாக ஒரு குடும்பம் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. வண்டி வராது என்று அவர்களுக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வீடும் அதற்கேற்ப இன்னும் ஒரு நடைமேடை நீளம் கூடிவிட்டது. கிளியை நிலைய அதிகாரி ஆசையாக வாங்கிக்கொண்டார். அக்கா விடுப்பு எடுக்கும் நாட்களில் இன்றைக்கும் அதுதான் அறிவிப்பு சொல்கிறது, புகார் எதுவும் வந்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் தங்கச்சி போன் செய்தாள். அடுத்த மாதம் மாப்பிள்ளையோடு வந்து ஒரு வாரம் தங்கப் போகிறாளாம். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கிளிக்கூண்டைத் திருப்பிக் கொடுக்கக் காப்பகத்துக்குப் போனவள், இனி எந்தப் பிராணியும் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அப்போது பின்னாலிருந்து ஏதோ ஒன்று வந்து அவள் தோளில் சாய்ந்தது. கனமாக, வெதுவெதுப்பாக, உரிமையாக. திரும்பிப் பார்த்தாள். ஒரு கிழட்டுக் கழுதை. செங்கல் சுமந்து முதுகு தேய்ந்தது, ஒரு காது மடங்கியது.

“அதைத் தள்ளி விடுங்கம்மா” என்றாள் காப்பகத்துக்காரி. “தனியா நிக்கவே மாட்டேங்குது. ஆள் எங்க நிக்குதோ அங்க வந்து சாயும். வேலைக்கும் ஆகாது, அழகும் கிடையாது, இதுல கத்தல் வேற. யாரும் கேட்டதில்ல.”

அக்கா தள்ளி விடவில்லை. எது வீட்டை நிரப்பும் என்று மூன்று தடவை யோசித்து யோசித்து எடுத்தாயிற்று. இப்போது யோசிக்க ஒன்றும் இல்லை, தோள் கனத்தது, அவ்வளவுதான். “நான் கேக்கறேன். எங்க வீட்டுல ஏற்கெனவே ஒரு கழுதை இருந்தா. கல்யாணம் பண்ணிட்டுப் போயிட்டா” என்றாள். காப்பகத்துக்காரி முதல்முறையாகச் சிரித்தாள்.

கழுதை பச்சைக் கதவுக்குள் கொஞ்சம் இடித்துக்கொண்டுதான் நுழைந்தது. நீளத்தை அது ஏறிட்டும் பார்க்கவில்லை. அக்கா சமையலறைக்குப் போனால் அதுவும் போயிற்று, அவள் முக்காலியில் உட்கார்ந்தால் பக்கத்தில் நின்று சாய்ந்தது, அவள் எழுந்தால் எழுவதற்கு ஒரு கை கொடுப்பது போலத் தலையைக் கொடுத்தது. அந்தக் கோடியில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை. யாரும் கேட்காத இடத்தை வீடு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட ஆரம்பித்தது. ஒருநாள் தம்ளரில் எடுத்து வந்த டீ கூடத்துக்கு வந்தும் ஆவி பறந்தது. அக்கா நாக்கைச் சுட்டுக்கொண்டு, அந்த எரிச்சலோடேயே சிரித்தாள். வேலைக்குப் போகும்போது மட்டும்தான் தகராறு. ஒலிபெருக்கியில் அக்கா குரல் தெருவரை கேட்கும், ஒவ்வொரு அறிவிப்புக்கும் கழுதை வீட்டிலிருந்து பதில் கத்தும். தையல்காரர் முதலில் பஞ்சு வைத்துக்கொண்டார். பிறகு, கத்தல் வந்தால் வண்டி வருகிறது என்று அர்த்தம் என்பதைப் புரிந்துகொண்டு பஞ்சை எடுத்துவிட்டார்.

“வீட்டுல இப்ப ஒரு கழுதை இருக்கு” என்று அக்கா போனில் சொன்னாள். “வரலன்னு திட்டாதக்கா, வர வாரம் வந்துடறேன்” என்றாள் தங்கச்சி, தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து.

அவர்கள் வந்து இறங்கிய அன்று வீடு முழுதாகச் சுருங்கி முடித்திருக்கவில்லை, இன்னும் இரண்டு அறை அளவு மிச்சம் இருந்தது. நடுவில் அலமாரியை இழுத்துப் போட்டு அக்கா சமாளித்து வைத்திருந்தாள். தங்கச்சி செருப்பைக் கழற்றினாள், கழுதையைப் பார்த்தாள், “அடப்பாவி, நிஜக் கழுதையா!” என்றாள். பிறகு தண்ணீர் குடிக்கச் சமையலறையைப் பார்த்து நடந்தாள். நடந்துகொண்டே இருந்தவள், அலமாரிக்குப் பக்கத்தில் நின்று சுவரைத் தடவிப் பார்த்தாள். பிறந்து வளர்ந்த வீடு, காலுக்குத் தெரியாதா? கூடத்துச் சொம்பிலிருந்து தம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அக்கா பின்னாலேயே வந்து நின்றாள்.

“எப்பலேர்ந்துக்கா?”

“நீ போன மறுநாள்லேர்ந்து. இப்ப எவ்வளவோ தேவலை. இதுக்காக நீ ஒண்ணும் திரும்பி வந்துட வேணாம், சொல்லிட்டேன். என் கழுதை என்னைப் பார்த்துக்கும்.”

தங்கச்சி அழப் போகிறாள் என்று அக்கா நினைத்தாள். தங்கச்சி சிரித்தாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைக்குக் கேட்காதபடி குரலைத் தணித்துக்கொண்டாள்.

“எங்க வீடும் நீண்டுச்சுக்கா. அவர் ஒரு கோடியில, நான் ஒரு கோடியில. நான் உன்னை நெனச்சுட்டு உக்காந்திருந்தேன், அவர் என்ன பேசறதுன்னு தெரியாம உக்காந்திருந்தாரு. உன்கிட்ட சொன்னா நீ வேலையை விட்டுட்டு வந்து நிப்பேன்னு சொல்லல.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒருநாள் அவர் நடந்தே வந்துட்டாரு. காலைல கெளம்பி, கையில எனக்கு டிபன் எடுத்துக்கிட்டு. வந்து சேர மத்தியானம் ஆயிடுச்சு. காலெல்லாம் வீங்கிக் கெடந்தது. அன்னிக்குச் சாயங்காலமே வீடு பாதியாயிடுச்சு.”

அக்கா கூடத்தை எட்டிப் பார்த்தாள். மாப்பிள்ளை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கழுதை அவர் தோளில் சாய்ந்திருந்தது, அசைந்தால் அது விலகிப் போய்விடுமோ என்று அவர் மூக்குக் கண்ணாடியைக்கூடச் சரிசெய்யாமல் இருந்தார். இவரைப் பற்றி இனிக் கவலைப்பட ஒன்றுமில்லை என்று அக்காவுக்குத் தோன்றியது. “போடி கழுதை, இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?” என்றாள். கூடத்தில் கழுதை காதைத் தூக்கியது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தம்ளர் தண்ணீர் முழுக்கக் கீழே கொட்டியது.

அந்த வாரம் வீடு பழைய அளவுக்கே வந்துவிட்டது, அலமாரியும் அதன் இடத்துக்குப் போயிற்று. அவர்கள் ஊருக்குத் திரும்பிய அன்று, அந்த வண்டியின் வரவையும் புறப்பாட்டையும் அக்காவே மைக்கில் சொன்னாள். குரல் பிசிறவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் கூடம் ஒரு முழம் நீண்டிருந்தது. இரண்டு நாளில் சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை தங்கச்சி வந்து போகும்போதும் அப்படித்தான். அந்தத் தெருவில் பலருக்கும் இது நடந்திருப்பது பிறகு பேச்சுவாக்கில் தெரியவந்தது. தையல்காரர் மகன் வெளியூர் வேலைக்குப் போனபோது அவர்கள் வீட்டுக் கொல்லைப்புறம் நீண்டதாம், பெருக்கத்தான் கொஞ்சம் சிரமமாம். சொந்தக்காரர்கள் வந்துவிட்டுப் போனால் வீடு ஒரு முழம் நீளும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த நாட்களில் மைக் அக்கா கூடத்தில் உட்கார்ந்து டீ குடிப்பாள். கழுதை சமையலறை வாசலிலிருந்து கிளம்பி, ஒரு எட்டு கூடுதலாக வைத்து, அவள் தோளில் வந்து சாய்ந்துகொள்ளும்.