விழுப்புரத்தில் வாசித்தது

விழுப்புரத்தில் செபஸ்தியான் வாசித்த பேஸ் கிட்டார் விழுப்புரத்தில் கேட்காது. திண்டிவனம் மாதா கோயில் தெருவில், துணி தைத்துக்கொண்டிருந்த பாக்கியமேரியின் வீட்டில்தான் கேட்கும். இரண்டு ஊருக்கும் நடுவில் இருபத்து மூன்று மைல். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று நாலு ஸ்டேஷன். அந்த நாலு இடத்திலும் யாரும் எதையும் கேட்டதாகச் சொன்னதில்லை. சத்தம் ரயிலேறிப் போனது என்றும் சொல்ல வழியில்லை, பாசஞ்சர் ஒரு மணி நேரம் தாமதமான நாட்களிலும் அது நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. 1957-இல் தொடங்கிய இந்தச் சங்கதி ஆறு வருஷம் ஒருவருக்கும் தெரியாமல் நடந்தது. வாசித்த செபஸ்தியானுக்கும் தெரியாது, கேட்ட பாக்கியமேரிக்கும் தெரியாது.

ஆரம்பத்தில் அது கிட்டார்கூட இல்லை. ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஆங்கிலோ இந்திய எஞ்சின் டிரைவர் ஒருவர் விட்டுப்போன, ஆள் உயரத்துக்கு நிற்கும் பேஸ். பார்ப்பதற்குப் பெரிய பிடில் மாதிரி இருக்கும், பாட்டுக்கு அடியில் தடித்த ஓசையைக் கொடுக்கும். செபஸ்தியான் அப்போது கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா, வயது இருபத்தாறு. கம்பவுண்டர் ராஜாமணி கிட்டார் வாசிக்க, தந்தி ஆபீஸ்காரர் ஒருவர் டிரம்ஸ் அடிக்க, சனிக்கிழமை தோறும் ஆறு மணியிலிருந்து எட்டரை வரை ரயில்வே காலனி பக்கத்து மண்டபத்தில் ஒரு கோஷ்டி வாசிக்கும். வயிற்றுப்பிழைப்புக்கு இல்லை, ஆசைக்குத்தான். உயரம் இருந்த ஒரே காரணத்தால் பெரிய பிடில் செபஸ்தியான் தலையில் விழுந்தது. மற்றவர்கள் வாத்தியத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவார்கள். இவன் மட்டும் ஒற்றை மாட்டு வண்டி பிடிப்பான். வண்டிக்காரன் உள்ளே இருப்பது பிணமோ என்று ஒவ்வொரு தடவையும் சந்தேகப்படுவான்.

பேஸ் வாசிக்கிறவர்களுக்கென்று சில அபிப்பிராயங்கள் உண்டு, செபஸ்தியானுக்கும் இருந்தன. ஆடுகிறவர்களின் கால் பேஸ்காரன் கையில் இருக்கிறது, பெயர் மட்டும் பாடுகிறவனுக்குப் போகிறது என்பது ஒன்று. பத்து சுரத்தை அள்ளி வீசுவதைவிட ஒரு சுரத்தை அதன் இடத்தில் வைப்பது கஷ்டம் என்பது இன்னொன்று. போட்டோ எடுக்கிறவர்கள் பேஸ்காரனைப் பாதியில் வெட்டுவதற்கென்றே படித்துவிட்டு வருகிறார்கள் என்பதையும் அவன் உறுதியாக நம்பினான். ஆனால் அவன் கதி மற்ற பேஸ்காரர்களின் கதியைவிட மோசம். அவர்கள் வாசிப்பை நிறுத்தினாலாவது ஏதோ குறைகிறதே என்று சபை நிமிர்ந்து பார்க்கும். இவன் நிறுத்தினாலும் தெரியவில்லை, தொடங்கினாலும் தெரியவில்லை. விரலில் கொப்புளம் வெடித்து ரத்தம் வந்தது, சத்தம் வரவில்லை. “டிரம்ஸ்ல அமுங்கிப் போவுது, உடுப்பா” என்று ராஜாமணி ஆறுதல் சொன்னான். அவன் மனதுக்குள் நினைத்தது வேறு என்று செபஸ்தியானுக்குத் தெரியும்.

1962-இல் புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்குக் கிளம்பிய ஒரு குடும்பம் மின்சார பேஸ் கிட்டார் ஒன்றையும் அதற்கான ஆம்ப்ளிஃபயரையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டது. செபஸ்தியான் பைத்தியம் பிடித்தவன்போல் போய் வாங்கி வந்தான். நாலே கம்பி, ஒவ்வொன்றும் கேணிக்கயிறு மாதிரி. இனிமேல் டிரம்ஸ் மேல் பழிபோட முடியாது. முதல் சனிக்கிழமை ஆம்ப்ளிஃபயரின் வால்வு சிவக்கச் சிவக்க எரிந்தது, நாலு கம்பியும் கண்ணுக்குத் தெரிய அதிர்ந்தன, மண்டபத்தில் பேஸ் சத்தம் ஒரு பொட்டும் இல்லை. ரேடியோ மெக்கானிக் பெட்டியைப் பிரித்துப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று மூடிக்கொடுத்தான். அறைக்கு வந்த செபஸ்தியான் கிட்டாரின் மேல் விளிம்பில் தாடையை அழுத்திக்கொண்டு வாசித்தான். ஆம்ப்ளிஃபயர் இல்லாதவர்கள் அப்படித்தான் பழகுவார்கள், மரத்திலிருந்து எலும்பு வழியாக ஓசை காதுக்கு ஏறும். தாடை அதிர்ந்தது. காது சும்மா இருந்தது. அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. ஆனாலும் அடுத்த சனிக்கிழமை போனான். போகாமல் இருக்க அவனால் முடியவில்லை, அவ்வளவுதான்.

கேட்க ஆள் இல்லாத இடத்தில் எவனுக்கும் கொஞ்சம் சோம்பல் வரும். மெதுவான வால்ட்ஸ் நடனப் பாட்டு ஒன்றில், மூன்றாவது சுற்றில், சுண்டுவிரலை நீட்டி அடுத்த கம்பிக்குத் தாவ வேண்டிய இடம் ஒன்று இருந்தது. அது கைக்கு எட்டாத தூரம். செபஸ்தியான் ஆரம்ப காலத்திலேயே அதைக் கைவிட்டுவிட்டு, இருந்த சுரத்திலேயே நின்றுகொண்டான். யாருக்குத் தெரியப்போகிறது?

திண்டிவனத்தில் பாக்கியமேரிக்குத் தெரிந்தது. சனிக்கிழமை ஆறு மணிக்கு அவள் வீட்டுத் தரையிலிருந்து தடித்த ஓசை ஒன்று எழும்பும். செம்புத் தண்ணீரில் வளையம் வளையமாக ஓடும், மேஜைமேல் கத்தரிக்கோல் ஒரு விரற்கடை நகரும். வாசற்படியைத் தாண்டினால் ஒன்றும் இல்லை. மல்லாட்டை (வேர்க்கடலை) மண்டியில் வேலை பார்த்த அவள் அண்ணன் அமலதாஸ், அடுத்த தெருவில் எவனோ மாவு மிஷின் போட்டிருக்கிறான் என்று முடிவுகட்டிவிட்டான். அவளுக்கு அது மாவு மிஷின் இல்லை என்று முதல் வாரமே தெரிந்தது, மிஷினுக்கு அவ்வளவு யோசனை வராது. அவள் தையல் மிஷினின் பெடலை அந்த ஓசைக்கு மிதிப்பாள். மேலே ஓட வேண்டிய பாட்டு அவளுக்கு வரவில்லை, அடித்தளம் மட்டும்தான் வந்தது. அதன்மேல் தனக்குத் தோன்றிய ராகத்தை முனகிக்கொள்வாள். இருபத்து மூன்று வயதிலிருந்து இருபத்தொன்பது வரை, வந்த வரன்களெல்லாம் தட்டிப்போன அந்த ஆறு வருஷத்தில், வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்தது அது ஒன்றுதான். ஆனால் ஒரு மெதுவான பாட்டில் ஒரே இடத்தில் அது எப்போதும் இடறும். அங்கே அவள் காலும் இடறும், தையல் கோணும்.

1963 ஜனவரியில் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு அவள் விழுப்புரம் வந்தாள். வரவேற்பில் ராஜாமணி கோஷ்டி வாசித்தது. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவள், பின்னால் சுவரோரம் ஒரு உயரமான ஆள் சத்தமே வராத கிட்டாரை மும்முரமாக வாசித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது. பிறகுதான் நாற்காலிக்கு அடியில் தன் கால் பெடல் மிதிப்பதைக் கவனித்தாள். விரல்களைப் பார்த்தாள். காதில் ஒன்றும் விழவில்லை, ஆனால் அடுத்து எந்த விரல் எங்கே போகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மெதுவான பாட்டு வந்தது. மூன்றாவது சுற்றில் அந்த ஆள் விரலை நகர்த்தாமல் நின்றான். பாக்கியமேரி எழுந்துவிட்டாள். பந்தி முடிந்ததும் நேராக அவனிடம் போனாள்.

“சார், பின்னாடி நின்னு வாசிச்சது நீங்கதான?”

“ஆமாங்க.”

“அந்த மெதுவான பாட்டுல மூணாவது சுத்து வந்தா வெரலு அடுத்த கம்பிக்குப் போவணும். நீங்க போவாம அங்கியே நிக்கிறீங்க. ஆறு வருஷமா நிக்கிறீங்க.”

செபஸ்தியான் கையிலிருந்த சோடா பாட்டிலைக் கீழே வைத்தான். “உங்களுக்குக் கேட்டுச்சா?”

“இங்க கேக்கல. திண்டிவனத்துல எங்க ஊட்டுல கேக்கும். சனிக்கெழமை தச்ச ஜாக்கெட்ட எத்தினி தபா பிரிச்சித் தச்சிருக்கேன் தெரியுமா?”

“அந்த எடம் வெரலுக்குக் கஷ்டம்ங்க. யாருக்கும் கேக்கலன்னு உட்டுட்டேன்.”

“எனக்குக் கேக்குதே” என்றாள் பாக்கியமேரி.

ஆறு வருஷமாக ஒரு கைதட்டலுக்கு ஏங்கியவன், தப்பு என்று ஒருத்தி சொன்னதும் மண்டபத்துக்குப் பின்னால் போய், அடுக்கியிருந்த வாழைக்குலைகளின் மறைவில் நின்று அழுதான். சந்தோஷம்தான். ஊருக்குத் திரும்பிய பாக்கியமேரியிடம் அமலதாஸ், நேத்தும் அந்த மாவு மிஷின் ஓடியது என்று சொன்னான்.

அந்த வாரம் முழுக்க செபஸ்தியான் சுண்டுவிரலை நீட்டி நீட்டிப் பழகினான். சனிக்கிழமை வாசித்து முடித்த பின் செவ்வாய்க்கிழமை ஒரு தபால் கார்டு வந்தது: “சனியன்று சரியாக இருந்தது. இரண்டு ஜாக்கெட்டும் நேராக வந்தன. கடைசிப் பாட்டில் அவசரம் வேண்டாம்.” அன்றிலிருந்து இரண்டு வருஷம், வாரம் ஒரு கார்டு. விழுப்புரத்திலேயே, ஏன், அந்த வட்டாரத்திலேயே தன் வாசிப்புக்கு எழுத்தில் விமர்சனம் பெற்ற ஒரே ஆள் அவன்தான் என்று தபால்காரர் சொல்லிக்கொண்டு திரிந்தார். ராஜாமணிகூடக் கொஞ்சம் பொறாமைப்பட்டான். மண்டபத்தில் எத்தனை பேர் ஆடினாலும் செபஸ்தியான் இப்போது வாசித்தது ஒரே ஒரு காலுக்கு. வாசிக்க வாசிக்க அந்தக் கால் இருக்கும் அறையில் தானும் இருக்க வேண்டும் என்று ஆசை வந்தது. அந்த ஆசை கம்பியைவிட அதிகமாக விரலை அறுத்தது.

1964 ஈஸ்டருக்கு மறுநாள் கிட்டாரையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு திண்டிவனம் போனான். ஓசை வந்து விழுகிற வீடே அதுதானே, அங்கே உட்கார்ந்து வாசித்தால் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்பது அவன் கணக்கு. அமலதாஸ் மண்டிக்கு லீவு போட்டுவிட்டுப் பாயில் உட்கார்ந்தான். செபஸ்தியான் வாசித்தான். செம்புத் தண்ணீர் அசையவில்லை. இன்னும் அழுத்தி வாசித்தான். பாக்கியமேரி அண்ணன் இருக்கிறானே என்றுகூடப் பார்க்காமல் கிட்டாரின் விளிம்பில் கன்னத்தை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு நிமிர்ந்து, “எனக்குக் கேக்கலைங்க” என்றாள். கன்னத்தில் மரத்தின் தடம் பதிந்திருந்தது.

மறுநாள் விழுப்புரம் திரும்பியபோது அவன் வாடகைக்கு இருந்த அறையின் வீட்டுக்காரம்மா கெங்கம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “நேத்து சாயங்காலம் உள்ளாறதான வாசிச்சிக்கினு இருந்த? ஜன்னலெல்லாம் கடகடன்னு ஆடுது, கூப்புட்டா தொறக்கவேயில்லையே” என்றாள். அறை பூட்டியிருந்தது. கதவருகே அவள் வைத்த காபி ஆறிக் கிடந்தது. செபஸ்தியான் அதைக் குடித்தபடியே புரிந்துகொண்டான். அவன் எங்கே இல்லையோ அங்கேதான் அவன் வாசிப்பு போகும். பக்கத்தில் இருந்தால் அவளுக்குக் கேட்காது, அவளுக்குக் கேட்க வேண்டுமானால் பக்கத்தில் இருக்க முடியாது.

யோசித்து யோசித்து, 1965-இல் இரண்டு பேரும் கல்யாணமே செய்துகொண்டார்கள். செபஸ்தியான் திண்டிவனத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டான். கிட்டார் ஆணியில் ஏறியது. கல்யாணம் என்று வந்தால் ஆம்பளை எதையாவது விடத்தான் வேண்டும், சிலபேர் பீடியை விடுகிறார்கள். முதல் மூன்று மாதம் அவர்கள் நன்றாகத்தான் இருந்தார்கள், பிறகும் சண்டை என்று ஒன்று வந்ததில்லை. ஆனால் சனிக்கிழமை ஆறு மணி ஆனால் பாக்கியமேரியின் கால் பெடல்மேல் நின்றுவிடும். தலையைச் சாய்த்துத் தரையைக் கேட்பாள். எதிரே உட்கார்ந்திருக்கும் செபஸ்தியானின் விரல்கள் மேஜை விளிம்பில் தானாக நடக்கும். ஜாக்கெட்டின் கை தோளில் உட்காரவில்லை என்று வாடிக்கைக்காரர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். கூடவே இருக்கிற மனுஷனுக்காக அவள் ஏங்கினாள். அதை எந்தச் சாமியாரிடம் போய் என்னவென்று சொல்வது? செபஸ்தியானும் அப்படித்தான் ஏங்கினான், ஆனால் அவனுக்கு அதைச் சொல்ல வெட்கம்.

இரண்டு வருஷம் பொறுத்தார்கள். 1967-இல் ஒரு வியாழக்கிழமை பாக்கியமேரி கிட்டாரை இறக்கித் துடைத்து, காக்கித் துணியில் தானே தைத்த உறையில் போட்டாள்.

“சனிக்கெழமை விழுப்பரம் போங்க. ராஜாமணி அண்ணனுக்குக் கடுதாசி போட்டுட்டேன்.”

“எம்மேல இன்னா கோவம்?”

“கோவமெல்லாம் ஒண்ணுமில்ல.” அவள் உறையின் நாடாவைக் கட்டிக்கொண்டே சொன்னாள். “நீங்க ஊட்டுலயேதான் இருக்கீங்க. ஆனா வரவே மாட்டேன்றீங்க.”

செபஸ்தியான் உறையைக் கையில் வாங்கிக்கொண்டான். சனிக்கிழமை போனான். ஆறு மணிக்கு, கேட்காத கிட்டாரைச் சுவரோரம் நின்று வாசித்தான், சபையில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஞாயிறு காலை முதல் ரயிலில் திரும்பியபோது பாக்கியமேரி கேப்பை அடை சுட்டுவைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒவ்வொரு பாட்டாக எடுத்து, எங்கே நன்றாக இருந்தது, எங்கே இழுத்தது என்று பூசைக்கு மணியடிக்கிற வரையில் சொன்னாள். அவன் வாசித்தது எப்படியிருக்கும் என்பதை அவன் அவள் வாயால்தான் தெரிந்துகொண்டான். அன்றைக்குப் பூசைக்கு இருவரும் தாமதமாகத்தான் போனார்கள்.

அதிலிருந்து வாரா வாரம் அப்படியே. கல்யாணம் ஆனவன் சனிக்கிழமையானால் பெண்டாட்டியை விட்டு ஓடுகிறானே என்று தெருவில் பேசினார்கள். விழுப்புரத்தில் இன்னொரு குடும்பம் இருப்பதாகச் சிலர் கண்டே பிடித்துவிட்டார்கள். பாக்கியமேரி யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. நாலரை மணி பாசஞ்சருக்கு அவளே ஸ்டேஷன்வரை வந்து, கிட்டாரை ஜன்னல் வழியாக எடுத்துக் கொடுத்து ஏற்றிவிடுவாள். ரயில் நகர்ந்ததும் ஒரு நிமிஷம்கூட நிற்க மாட்டாள். வாசல் தெளிக்க வேண்டும், முகம் கழுவ வேண்டும், விளக்கேற்ற வேண்டும். ஸ்டேஷன் வாசலில் பூ விற்கும் கிருஷ்ணவேணியிடம் நின்றபடியே ஒரு முழம் வாங்கித் தலையில் செருகிக்கொண்டு எட்டிப் போடுவாள் நடையை. இன்னா ஜல்தி என்று ஒரு தடவை கிருஷ்ணவேணி கேட்டாள். ரயிலின் கடைசிப் பெட்டி அப்போதுதான் சிக்னலைத் தாண்டிக்கொண்டிருந்தது.

“ஊட்டுக்காரரு வர்ற நேரமாச்சி” என்று சொல்லிவிட்டு பாக்கியமேரி போனாள்.