ரோடு எப்படிங்க?

மூன்று சாப்ட்வேர்களில் எது நல்லது என்று பார்த்துச் சொல்ல வாசுகிக்குத் தினகரன் கொடுத்திருந்த அவகாசம் ஒரு வாரம். அவள் நான்கே நாளில் முடித்துவிட்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

கட்டபெட்டு ஜங்ஷனிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குள் பிரியும் குறுகலான ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் போனால் தினகரனின் காட்டேஜ். நான்கு அறைகள், முன்னால் பள்ளத்தாக்கு, பின்னால் மலை. அறைகளைப் பார்த்துக்கொள்வதும் வாசுகிதான், காட்டேஜின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு வருகிற மெசேஜ்களுக்கு இரண்டு வருடமாகப் பதில் போடுவதும் அவள்தான். ஆனால் அந்த ஒரே ரோட்டில் இப்போது ஒன்பது காட்டேஜ்கள் முளைத்துவிட்டன. கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் போட்டால் மட்டும் போதாது, நாமே தேடிப் போய்க் கூப்பிட வேண்டும் என்று தினகரனுக்குத் தோன்றியது. ஊட்டி வீடியோக்களுக்குக் கீழே 'ஒரு தடவை போகணும்' என்று ஏங்குகிறவர்களைத் தேடிப் பிடித்துத் தானாகவே மெசேஜ் அனுப்பி, பேச்சுக் கொடுத்து, அறை பிடிக்க வைக்கிற சாப்ட்வேர்களுக்கு ஊரில் பஞ்சமில்லை.

முதலாவது மலிவு. ஆனால் எல்லோருக்கும் ஒரே வாசகத்தை அனுப்பும். ஒரே நாளில் இருநூறு பேருக்கு அப்படி அனுப்பினால் பக்கமே முடங்கிப்போகும் என்று வாசுகி ஒதுக்கிவிட்டாள். இரண்டாவதில் பேசுவதற்கே வழியில்லை. அறை வேண்டுமா, இதை அழுத்து. சாப்பாடு வேண்டுமா, அதை அழுத்து. மழையும் பனியும் பார்க்க வருகிறவர்களிடம் பேங்க் கவுண்டர் மாதிரி பேசினால் யார் வருவார்கள்? மூன்றாவதுதான் அவளை மயக்கியது. அது அவளுடைய இரண்டு வருட மெசேஜ்களையும் கேட்டு வாங்கிப் படித்தது. படித்துவிட்டு அவள் மாதிரியே எழுதியது.

சோதனைக்காக வாசுகி பத்துப் பதில்களைத் தினகரனிடம் காட்டினாள். ஐந்து அவளுடையவை, ஐந்து சாப்ட்வேருடையவை. எது எது என்று அவர் சொல்ல வேண்டும்.

"'டிபனுக்கு என்ன வேணும்னு கூச்சப்படாம சொல்லுங்க'ன்னு எழுதுனது நீதானே?"

"இல்லீங்கண்ணா, அது சாப்ட்வேரு."

பத்தில் ஏழு பதில்களை அவர் தப்பாகச் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். அன்றைக்கே வாங்கிவிட்டார்கள். அது எப்படிப் பேசுகிறது என்று வாசுகி வரிவரியாகப் பார்த்தாள். என்ன பேசுகிறது என்று பார்க்கவில்லை. தன் பேச்சில் யாருக்குத்தான் குறை தெரியும்?

அது அக்டோபர் முதல் வாரம். மூன்றாவது வாரம் வியாழக்கிழமை பிடித்த மழை சனிக்கிழமை மதியமும் விடவில்லை. காட்டேஜுக்கும் ஜங்ஷனுக்கும் நடுவில், எஸ்டேட் ஸ்டோரை ஒட்டிய வளைவில், மேலே இருந்து மண் கொஞ்சம் சரிந்திருந்தது. ரோட்டில் கை நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு. மினி பஸ்காரர் பார்த்துவிட்டு அப்படியே பின்னால் எடுத்துப் போய்விட்டார். அது எஸ்டேட் ரோடு என்பதால் தடுப்பு வைக்க ஆள் யாரும் வரவில்லை. தாலுகா ஆபீசுக்குப் போன் போட்டால், பெரிய ரோடுகளைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்றார்கள்.

வாசுகி காலையிலேயே சாப்ட்வேரை நிறுத்தியிருந்தாள். நிறுத்தியதாக நினைத்திருந்தாள். மூன்றே முக்காலுக்கு, கரண்ட் போன வரவேற்பறையில், ஒரே ஒரு கோடு சிக்னல் காட்டிய போனில் எதற்கோ பக்கத்தைத் திறந்தபோதுதான் அந்த உரையாடலைப் பார்த்தாள்.

திருப்பூர் சுரேந்திரன் என்பவரோடு 'வாசுகி' முந்தாநாளிலிருந்து பேசிக்கொண்டிருந்தாள். மனைவி, இரண்டு பிள்ளைகள். இன்றைக்கு அறை வேண்டும் என்று இன்று காலையில் கேட்டிருந்தார். கொடுத்தாயிற்று. இரண்டரைக்கு அவர் எழுதியிருந்தார்: 'மேட்டுப்பாளையம் தாண்டிட்டோம். கோத்தகிரி வழியா வர்றோம். செம மழை. ரோடு எப்படிங்க?'

'ரோடு நல்லா இருக்குங்க. மெதுவா வாங்க, சூடா டீ போட்டு வெக்கிறேன்.'

அதற்குக் கீழே இன்னொன்று: 'ஜங்ஷன்ல யாராச்சும் ரோடு மூடிட்டாங்கன்னு வண்டிய நிறுத்துனா நம்பாதீங்க. புரோக்கருங்க. வேற காட்டேஜுக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க.'

வாசுகி இரண்டு பதில்களையும் மறுபடி படித்தாள். இரண்டும் அவளுடைய வாக்கியங்கள். ஜங்ஷனில் நிற்கும் புரோக்கர்கள் உண்மையிலேயே அப்படிச் சொல்லி ஆட்களைத் தட்டிக்கொண்டு போவார்கள். அதனால் வருகிற ஒவ்வொருவருக்கும் அவள் அதை எழுதிவிடுவாள். ரோட்டைப் பற்றி யார் கேட்டாலும், மழையோ வெயிலோ, முதல் வாக்கியத்தை எழுதிவிடுவாள். அதெல்லாம் தொழிலில் ஒரு வணக்கம் மாதிரி. இந்த மலையில் எந்தக் காட்டேஜ்காரரும் ரோடு மோசம் என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

அவள் காலையில் நிறுத்தியது புதிய ஆட்களைக் கூப்பிடுவதை மட்டும்தான். பேசிக்கொண்டிருப்பவர்களுக்குப் பதில் சொல்வதற்குத் தனிப் பட்டன்.

'சார், வராதீங்க. ரோட்டுல வெடிப்பு விட்டிருக்கு. கோத்தகிரியிலயே தங்கிக்கங்க' என்று அடித்து அனுப்பினாள். பட்டனைத் தேடிச் சாப்ட்வேரின் பக்கத்தைத் திறந்தாள். வெள்ளைத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

பத்து நிமிடம் கழித்துச் சுரேந்திரனின் பதில் வந்தது. 'என்னங்க இது? இப்பத்தானே வாங்கன்னு சொன்னீங்க?'

வாசுகியின் விரல் எழுத்தைத் தொடுவதற்குள், அவள் பக்கத்திலிருந்து, அவள் பெயரில், பதில் போய்விட்டது. 'பயப்படாதீங்க, ரோடு நல்லா இருக்குங்க. டிபன் எத்தனை பேருக்குச் சொல்லட்டும்?'

'அது நான் இல்லீங்க, மெஷினு. வராதீங்க' என்று அடித்தாள். அந்த மெசேஜ் போகாமல் நின்றது. சிக்னல் கோடும் போய்விட்டது. சுரேந்திரனின் போன் நம்பரோ அவளிடம் இல்லை. நம்பரை வந்தபிறகு ரிஜிஸ்டரில்தான் எழுதி வாங்குவார்கள்.

குடையை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். தண்ணித் தொட்டி பக்கத்தில் நின்றால் பேசுகிற அளவுக்கு டவர் கிடைக்கும். தினகரனும் பின்னாலேயே வந்தார்.

"வரட்டும் உடு. வளைவுக்கு அந்தப் பக்கமா காரை நிறுத்தச் சொல்லி, நம்ம ஆளை அனுப்பி நடத்திக் கூட்டிட்டு வந்துரலாம்."

"அந்த வளைவுல நீங்க நடப்பீங்களாண்ணா?"

"ரோடு சரியில்லைன்னு ஒருக்கா பேராயிருச்சுன்னா இந்தப் பக்கம் ஒருத்தனும் வரமாட்டான், பாத்துக்க" என்றார் தினகரன்.

வாசுகி ஒச்சப்பனுக்குப் போன் போட்டாள். ஒச்சப்பன் ஜங்ஷனில் ஜீப் ஓட்டுபவர், அவளுடைய அப்பாவின் கூட்டாளி.

"சித்தப்பா, திருப்பூர் காரு ஒண்ணு வரும். பொஞ்சாதி, ரெண்டு புள்ளைங்க. நம்ம ரோட்டுக்குள்ள திரும்ப உடாதீங்க. நிறுத்திட்டு எனக்குப் போன் போட்டுக் குடுங்க."

"நின்னாத்தானே பாப்பா?"

"ஜீப்பைக் குறுக்கப் போடுங்க."

அவள் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குடை ஒரு பக்கமாகச் சாய்ந்து முதுகு முழுக்க நனைந்தது. ஒச்சப்பன் நல்ல மனிதர்தான். ஆனால் ஜங்ஷனில் மழையில் நின்று வெளியூர்க் காரை மறித்து 'ரோடு மூடிட்டாங்க' என்று சொல்லப்போகும் அந்த மனிதர், பார்ப்பதற்கு அச்சு அசல் புரோக்கர் மாதிரியே இருப்பார். நம்பாதீங்க என்று வேறு யாரும் சொல்லி வைக்கவில்லை. அவளேதான் சொல்லி வைத்திருக்கிறாள்.

போன் அடித்தது. ஒச்சப்பனின் நம்பர். எடுத்ததும் வேறொரு குரல்.

"யாருங்க நீங்க? உங்க ஆளை ஜீப்பை எடுக்கச் சொல்லுங்க."

"சார், நான் வாசுகி. காட்டேஜ்ல இருந்து பேசறேன். உள்ள வராதீங்க சார்."

"வாசுகி மேடமா? அவங்க இப்பத்தான் எனக்கு மெசேஜ் பண்ணாங்க. வழியில இப்படி ஆளுங்க நிறுத்துவாங்கன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. எங்ககிட்ட இந்த வேலை வேண்டாம்."

"அது சாப்ட்வேருங்க சார். நாங்க வாங்கி வெச்சது. நான் பேசற மாதிரியே பேசும்."

"அப்ப நீங்க அவங்க மாதிரி பேசறீங்களா, அவங்க உங்க மாதிரி பேசறாங்களா?" சுரேந்திரனின் குரலில் எரிச்சலும் கேலியும் கலந்திருந்தன. "இருங்க, அவங்ககிட்டயே கேக்கறேன்."

ஜங்ஷனில் டவர் நன்றாகவே இருந்திருக்க வேண்டும். நான்கைந்து நொடிகூட ஆகவில்லை.

"பாருங்க. 'அவங்க சொல்றத நம்பாதீங்க, ரோடு நல்லா இருக்குங்க'ன்னு பதில் வந்துருச்சு. இப்ப என்ன சொல்றீங்க?"

தன்னைத் தான்தான் என்று நிரூபிக்க வாசுகியிடம் என்ன இருக்கிறது? அவள் சொல்லக்கூடிய இனிமையான வார்த்தை எல்லாவற்றையும் அது ஏற்கெனவே சொல்லிவிட்டது. அது சொல்லாதது ஒன்றே ஒன்றுதான், அதை அவளும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பக்கத்தில் தினகரன் நிற்பது தெரிந்தும் சொன்னாள்.

"சார், அது பொய் சொல்லக் கத்துக்கிட்டது எங்கிட்டத்தான். ரெண்டு வருசமா கேட்டவங்களுக்கெல்லாம் ரோடு நல்லா இருக்குன்னுதான் எழுதியிருக்கேன். நல்லா இல்லாதப்பவும் எழுதியிருக்கேன். போன ஐப்பசியில ஈரோட்டுல இருந்து பாலகுமார்னு ஒருத்தர் குடும்பத்தோட வந்தாரு. அன்னைக்கும் மழை. போறப்ப இதே வளைவுல வண்டி சறுக்கி, ஒரு சக்கரம் வெளிய தொங்கிருச்சு. எஸ்டேட் லைன் வீடுகள்ல இருந்து ஆளுங்க போயி இழுத்து உட்டாங்க. அடுத்த நாளே வேற ஒருத்தர் ரோடு எப்படின்னு கேட்டாரு. நல்லா இருக்குங்கன்னுதான் எழுதுனேன்."

தினகரன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். போனில் ஒரு பெண் குரல். "குடுங்க இப்படி," என்றது கணவனிடம். பிறகு இவளிடம், "ஏனுங்க, நான் அவரு ஊட்டுக்காரி ஷண்முகப்ரியா. அந்த ஈரோட்டுக்காரங்க நல்லபடியா ஊடு போய்ச் சேந்தாங்களா?"

'சேந்துட்டாங்க' என்று சொல்ல வாயெடுத்தாள் வாசுகி. சொல்லவில்லை.

"தெரியலைங்க. நான் கேக்கலை."

புரோக்கராக இருந்தால் சேரவில்லை என்று பயமுறுத்தியிருப்பார், மெஷினாக இருந்தால் சேர்ந்தார்கள் என்று சொல்லியிருக்கும்; தெரியாது என்று இரண்டும் சொல்லாது.

"வண்டியத் திருப்புங்க" என்று ஷண்முகப்ரியா கணவனிடம் சொல்வது கேட்டது. "இல்ல, இவங்க பேசறது நிஜம். திருப்புங்க."

கார் கோத்தகிரிப் பக்கம் திரும்பிவிட்டதென்று ஒச்சப்பன் உறுதி சொன்னபோது மணி நாலரை. ஐந்தே காலுக்கு, கீழே, லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவதுபோல ஒரு சத்தம் வந்தது. லைன் ஆட்கள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஸ்டோர் வளைவில் பாதி ரோடு கீழே தேயிலைக்குள் போய்விட்டது.

தினகரன் வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். "நாலரைக்குக் கட்டபெட்டுல இருந்து விட்டிருந்தா அஞ்சு மணிக்கு முன்னாடியே வளைவத் தாண்டியிருப்பாங்க. இங்க உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருந்திருப்பாங்க."

தாண்டியிருக்கலாம். மழையில் தயங்கித் தயங்கி ஓட்டி, சரியாக அந்த நேரத்துக்கு அங்கே வந்து நின்றும் இருக்கலாம். வாசுகிக்கு அதைப் பேசப் பிடிக்கவில்லை. அவளைத் திட்டவேண்டும் என்று ஆரம்பித்த தினகரன், எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

ஆறு மணிக்குக் கரண்ட் வந்தது. சாப்ட்வேரின் பக்கம் திறந்தது. இரண்டு பட்டன்களையும் அணைத்தாள். கையோடு பழைய மெசேஜ்களைத் திறந்து, போன வருட ஐப்பசிக்கு இறங்கினாள். பாலகுமார். அவளுடைய கடைசி மெசேஜ் அங்கேயே இருந்தது: 'வந்ததுக்கு ரொம்ப நன்றிங்க, மறக்காம ரிவ்யூ போடுங்க.' அதற்குப் பதில் ஏதும் இல்லை.

அதற்குக் கீழே மெதுவாக எழுதினாள். 'வணக்கங்க. காட்டேஜ் வாசுகி. போன வருசம் வந்துட்டுப் போனீங்களே, நல்லபடியா ஊடு போய்ச் சேந்தீங்களா?'

அனுப்பிவிட்டுப் போனை மேசையில் வைத்தாள். ஈரத் துணியைக்கூட மாற்றாமல் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். கால் மணி நேரம் கழித்துத் திரை வெளிச்சமானது.

'ஒரு வருசம் ஆச்சுங்க. இப்பத்தான் கேக்கணும்னு தோணுச்சா?'