வாய்விட்டு ஜெபித்த ஜெப்ஸி டீச்சர்

மாப்பிள்ளையூரணி ஜெப்ஸி டீச்சர் வாய்விட்டு ஜெபித்தால், குரல் எட்டும் தூரம்வரை உள்ள பூட்டெல்லாம் திறந்துகொள்ளும். முதலில் திறந்தது அவர் வீட்டுப் பீரோ. அடுத்த வாரம் பால்துரை அண்ணாச்சியின் கடை ஷட்டர், அப்புறம் ஆலயத்துக் காணிக்கைப் பெட்டி. எதுவும் களவு போகவில்லை. ஆனாலும் யாருக்குத்தான் தூக்கம் வரும்? பொம்பளைக்கு எதற்கு இத்தனை சத்தமாய் ஜெபம் என்று ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்த சபைக் கமிட்டிக்கு நல்ல சாக்கு கிடைத்தது. இனி மனசுக்குள்ளேயே ஜெபிக்க வேண்டும், மீறினால் சபை நீக்கம் என்றார் செயலாளர் தனராஜ். தாலி கட்டியது அந்த ஆலயத்தில், கணவரை அடக்கம்பண்ணியது அதன் கல்லறைத் தோட்டத்தில் என்பதால் டீச்சர் அழுதுகொண்டே சம்மதித்தார். அன்றிலிருந்து ஞாயிறு மாலைகளில் வீட்டு முற்றத்தில் வாய்மூடி உட்கார்ந்தார். பக்கத்துப் பெண்களும் வந்து கூட உட்கார்ந்தார்கள். பேசவேண்டியது வரும்போது தானாக வரும், அதுவரை சும்மா இருப்போம் என்பது டீச்சரின் கட்சி. வருஷங்கள் அப்படியே போயின.

போன ஆடியில், ஆஸ்பத்திரி பெஞ்சில் டீச்சர் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்தாள். தனராஜின் இறால் கம்பெனி விடுதியில் தங்கி வேலை செய்யும் முத்துக்கனி. கூட வந்த காவலாள் டீ குடிக்கப் போன நேரம் பார்த்துச் சொன்னாள்: "கேட்டப் பூட்டியே வச்சிருக்காவ டீச்சர். எங்கம்மா செத்ததுக்குக்கூட விடல."

மறுநாள் காலை டீச்சர் கம்பெனி வாசலில் நின்றார், பின்னால் முற்றத்துப் பெண்கள். தனராஜ் காரிலிருந்தே கத்தினார்: "ஏளா ஜெப்ஸி! வாயத் தொறந்த, புருசன் பக்கத்துல ஒனக்குக் கல்லற கெடையாது, பாத்துக்க!"

"அவுக தனியா கெடந்துக்கிடுவாக அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டு டீச்சர் வாய்விட்டு ஜெபித்தார். கேட் திறந்தது, விடுதி திறந்தது, இத்தனை வருஷம் அடக்கிய குரல் எட்டியதால் துறைமுகத்தில் நின்ற கன்டெய்னர்களும் திறந்துகொண்டன. சுங்க அதிகாரிகள் அலுத்துக்கொண்டே மறுபடி சீல் வைத்தார்கள். ஆனால் கம்பெனிக்குள்ளேயிருந்து ஒருத்தியும் வரவில்லை. பயம் பூட்டில் இல்லையே. தனராஜ் சிரித்தார். டீச்சர் முற்றத்தில் உட்காருவதுபோலவே மண்ணில் உட்கார்ந்தார், பெண்களும் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறி உச்சிக்கு வந்தது.

அப்போது உள்ளேயிருந்து முத்துக்கனியின் குரல் கேட்டது. செத்துப்போன தாயிடம் பேசினாள்.

"எம்மா, நான் வாரேன்!"

திறந்து கிடந்த கேட் கீலோடு கழன்று மெதுவாகத் தரையில் படுத்துக்கொண்டது. அதன்மேல் மிதித்து, ரப்பர் பூட்ஸோடு பெண்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வந்தார்கள். எத்தனை சந்தோஷம் அந்தத் தெருவுக்கு! அவர்கள் பேசிக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்த வழியெல்லாம் கடை ஷட்டர்கள் தாமாக ஏறின. அண்ணாச்சிமார் கல்லாவைக் கக்கத்தில் இடுக்கியபடி டீ கொடுத்தார்கள்.

கமிட்டி சொன்னபடியே டீச்சரை நீக்கியது. தனராஜ் புதுப் பூட்டுகள் வாங்கிப் பார்த்தார். கொண்டுவரும் வழியிலேயே அவை திறந்துகொண்டதால் விட்டுவிட்டார். இப்போதும் அங்கே இறால் உரிக்கப் பெண்கள் வருகிறார்கள். சாயங்காலம் சங்கு ஊதியதும் கையைக் கழுவிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போகிறார்கள்.