நாளைக்குக்காரனின் ஓட்டு

அந்தப் பட்டறைக்கு முதலாளி கிடையாது, மேனேஜர் கிடையாது. வாசல் கதவுக்குப் புதுப் பூட்டு வாங்குவதற்குக்கூட ஓட்டெடுப்புதான். ஐந்தாறு ஊர்களில் இதே கூட்டமைப்பில் பட்டறைகள் இருந்தன. பங்குக்கு அடையாளமான டோக்கனை வைத்திருந்த அத்தனை பேரும் பங்காளிகள்; ஒரு டோக்கனுக்கு ஒரு ஓட்டு. செல்போனில் ஓட்டுப் போடுவார்கள். முடிவு எதுவோ, அதை ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் இம்மி பிசகாமல் நிறைவேற்றிவிடும். காலில் விழுந்து கெஞ்சலாம் என்றால் அதற்குக் கால் இல்லை.

இதெல்லாம் தெரிந்துதான் சோபாக்காரி சேர்ந்தாள். சோபாவுக்கும் கார் சீட்டுக்கும் உறை தைப்பது அவள் தொழில். கெட்டித் தோலைத் தைக்கிற பெரிய மெஷினைச் சொந்தமாக வாங்க அவளுக்கு வசதி இல்லை. பட்டறையில், ஜன்னலோரத்தில் அது இருந்தது. இப்போது வெளியூர்ப் பங்காளிகள் சிலர், இருப்பதிலேயே சின்னப் பட்டறை இதுதான், மூடிவிட்டு மெஷின்களை விற்றுவிடலாம் என்று தீர்மானம் கொண்டுவந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணியோடு ஓட்டெடுப்பு முடிகிறது. மெஷின் போனால் அவள் பிழைப்பும் போயிற்று.

சும்மா இருப்பாளா? வாரம் முழுக்க ஆளாளுக்குப் போன் போட்டு, நச்சரித்து, 'வேண்டாம்' என்று ஓட்டுப் போடவைத்தாள். வெல்டர் போட்டார். கண்ணாடி அறுப்பவர், பேரனை மடியில் வைத்துக்கொண்டே போட்டார். மிச்சம் இருந்தது அவளுடைய தம்பி ஒருவன்தான்.

தம்பி அதே பட்டறையில் மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவன். எதைக் கேட்டாலும் 'நாளைக்கு' என்பான். 'நாளைக்குக்காரன்' என்றே அவனுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆரம்பத்தில் கூலிக்குப் பதிலாக டோக்கன் கொடுத்தபோது மற்றவர்கள் முக்கால்வாசியைக் கையோடு விற்றுவிட்டார்கள். இவன் விற்கச் சோம்பல்பட்டு அப்படியே போட்டுவைத்ததில், இந்தப் பட்டறையிலேயே பெரிய பங்காளி ஆகிவிட்டான். வெள்ளிக்கிழமை காலையில் அவள் அவனைக் கிழி கிழி என்று கிழித்தாள். சாயங்காலத்துக்குள் ஓட்டுப் போடாவிட்டால் இனிமேல் அக்கா என்று கூப்பிடாதே என்றாள். அவன் அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு, இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்குப் பாலிஷ் போடப் போய்விட்டான்.

ஐந்து மணிக்கு மேல் வெல்டர் அவளிடம் வந்தார். முகமே சரியில்லை. விதிமுறைகளை அப்போதுதான் முழுசாகப் படித்திருக்கிறார். மொத்த டோக்கன்களில் மூன்றில் ஒரு பங்காவது ஓட்டாக விழுந்தால்தான் தீர்மானம் செல்லும். விழாவிட்டால் தள்ளுபடி, ஒரு வருடத்துக்கு அந்தப் பேச்சையே எடுக்க முடியாது.

"வேணும்னு போட்டாலும் வேண்டாம்னு போட்டாலும் அந்தக் கணக்குல சேருதும்மா," என்றார். "உங்க தம்பியைச் சேர்த்தாலும் வெளியூர்க்காரங்க ஓட்டுதான் ஜாஸ்தி. ஆனா அவங்க மட்டும் போட்டிருந்தா மூணுல ஒரு பங்கு எட்டியே இருக்காது. நாமதான் ஓடி ஓடிப் போட்டு எட்ட வைக்கிறோம்."

அவருடைய போனில், விழுந்த ஓட்டுகளைக் காட்டும் பச்சைக் கோடு மூன்றில் ஒரு பங்குக் குறியைத் தொடும் தூரத்துக்கு வந்து நின்றிருந்தது. நாளைக்குக்காரன் ஒருவன் போட்டால் போதும், தாண்டிவிடும். போட்ட ஓட்டைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை.

அவள் உடனே தம்பிக்குப் போன் அடித்தாள், எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். பிறகு போனை மெஷின் மேலேயே போட்டுவிட்டு, கையில் கத்தரிக்கோலோடு தெருவில் ஓடினாள். ஒரு வாரமாக ஊரையே கூட்டித் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமே என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

கவிழ்த்துப் போட்ட மேஜையின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான் தம்பி. கத்தரிக்கோலோடு வந்து நிற்கும் அக்காவைப் பார்த்ததும் பதறி எழுந்தான். அவள் வாய் திறப்பதற்குள் அவனே முந்திக்கொண்டான்.

"போட்டுட்டேன்க்கா. இப்பத்தான் போட்டேன். வேண்டாம்னுதான்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறந்ததிலிருந்து ஒரு வேலையையும் நேரத்துக்குச் செய்யாதவன், இன்றைக்கா செய்து தொலைக்க வேண்டும்? அவனைத் திட்டவும் முடியவில்லை. போடச் சொன்னதே அவள்தான். ஜன்னலோர மெஷினை யாரோ நாலு பேர் தூக்கி லாரியில் ஏற்றுவது கண்ணுக்குள் ஓடியது.

கொஞ்ச நேரத்தில் தம்பியின் போன் அடித்தது. வெல்டர். அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"அக்கா அங்க இருக்காங்களா? மணி ஆறாச்சு. கோடு கடைசி வரைக்கும் அசையவே இல்ல. தள்ளுபடி. பட்டறை தப்பிச்சுது."

கோடு எப்படி அசையாமல் இருக்கும்? அவள் தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். அவன் கையிலிருந்த பாலிஷ் துணியைப் பார்த்தான்.

"போடலையா நீ?"

"பாஸ்வேர்டு மறந்துபோச்சுக்கா," என்றான், அடி வாங்கத் தயாராகக் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு. "நாளைக்குத் தேடிப் பாத்து..."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எழுந்து போய், பாலிஷ் வாடையோடு அவனைக் கட்டிக்கொண்டாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, அடுத்த தடவை முதல் ஆளாகப் போட்டுவிடுவதாகச் சத்தியம் செய்யப் போனான்.

"அடுத்த தடவை நானா வந்து சொல்ற வரைக்கும் போனைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "பேசாம இரு. அது போதும்."

அந்த ஒரு வேலைக்கு மட்டும் நாளைக்குக்காரன் உடனே சரி என்றான்.