ஊக்கு குத்தாத தங்கம்

“ஊக்கைக் குத்துடீ, பின்னாடி எத்தனை பேர் நிக்கிறாங்க பாரு!”

“குத்தினா உறை ஓட்டையாயிடும்க்கா! அப்புறம் விக்கப் போனா எந்தக் கடைக்காரனும் விலையைக் குறைச்சுடுவான்!”

நெர்மின் தன் சம்பளத்தில் வாங்கிய முதல் தங்கம் அது, ஒரு கிராம். தோழி ஃபெரிதேயின் கல்யாணத்தில், அவள் கழுத்தில் தொங்கும் சிவப்புப் பட்டையில் எல்லார் கண் முன்னாலும் தன் கையால் குத்திவிட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். துருக்கியின் பூர்சா நகரில் கல்யாணத்துக்கு வருபவர்கள் எல்லோரும் அப்படித்தான் தங்கத்தைக் குத்துவார்கள். மற்றவர்கள் கொண்டுவந்த தங்கக் காசுகளில் ஊக்கு மாட்ட வளையமும் நாடாவும் இருந்தன. செய்கூலி மிச்சம் என்று இவள் வாங்கியதோ பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்த மொழுமொழுவென்ற துண்டு.

“நாடா கட்டித் தரவான்னு கடைக்காரர் கேக்கலையா?” என்றாள் அக்கா துர்கான்.

“கேட்டாரு. தங்கத்துக்கு எதுக்கு அலங்காரம்னு வேண்டாம்னுட்டேன்.”

வரிசையில் நின்ற அத்தைமார்கள் கொல்லென்று சிரித்தார்கள். நெர்மினுக்கு அங்கேயே மாயமாய் மறைந்துவிடலாம் போலிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மணப்பெண் அவளை இழுத்து அணைத்து, காதோடு சொன்னாள்:

“பட்டையில குத்துறதெல்லாம் வீட்டுச் செலவுக்குப் போயிடும்டீ. இதாவது எனக்கே எனக்குன்னு இருக்கட்டும். மாமியார் இந்தப் பக்கம் திரும்புறதுக்குள்ள என் கைப்பையில போடு!”