சத்தமில்லாத மாட்டேன்

வக்கீல் நகரத்து ஆள். காட்டு மக்களுக்காக வாதாடக் கிளம்பி இரண்டு வருஷம் ஆகிறது. "அவங்க மனசு எனக்கு அத்துப்படி" என்று மனைவியிடம் பீற்றிக்கொள்வார். மனைவியின் மனசைப் பற்றி அப்படிச் சொல்ல அவருக்குத் தைரியம் வந்ததில்லை.

இன்று விசாரணை. காட்டைக் கல்குவாரிக்குக் கொடுத்துவிட்டு அவர்களை வேறிடத்துக்கு மாற்ற ஏற்பாடு. கூட்டம் போட்டுக் கேட்டபோது ஒருவர்கூட எதிர்க்கவில்லையாம்; ஆகவே எல்லோருக்கும் சம்மதமாம்.

அறைக்கு வெளியே பெஞ்சில் வக்கீல் புழுங்கினார். "ஏன்க்கா, அந்தக் கூட்டத்துல அத்தனை பேர் உக்காந்திருந்தீங்க. ஒருத்தராவது வாயத் திறந்தீங்களா?"

காட்டு மக்களின் தலைவியான அக்கா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதான் மாட்டோம்னு சொல்லிட்டோமே தம்பி! தேடி வந்தவங்க மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னா மனசு நோகாதா? பேசாம இருந்தா அவங்களே புரிஞ்சுக்கணும்."

வக்கீலுக்குத் தலை சுற்றியது. போன வருஷம், "உங்க வீட்லயே ஒரு மாசம் தங்கிக்கட்டுமா?" என்று அவர் கேட்டபோதும் யாரும் பேசவில்லை. நெகிழ்ந்துபோய்ப் பெட்டி படுக்கையோடு போய் இறங்கியிருந்தார்.

"அப்போ நான் வந்து தங்கினது..."

அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

உள்ளே, விஷயத்தைக் கேட்ட விசாரணை அதிகாரி சிரித்தார். "நல்லாக் கதை விடுறீங்க சார்."

"நீங்களே கேட்டுப் பாருங்க சார். முதல்ல தண்ணி வேணுமான்னு கேளுங்க."

அறையில் கூடியிருந்த காட்டு மக்களிடம் அதிகாரி கேட்டார்.

"வேணும்!" மேஜைமேல் இருந்த காகிதங்கள் பறக்காத குறை.

"காட்டை விட்டுப் போறீங்களா?"

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பின்வரிசைப் பெரியவர் ஒருவர், அதிகாரிக்காகச் சங்கடப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி, அங்கேயே இருக்கணுமா?"

"இருக்கணும்!" பக்கத்து அறைக் குமாஸ்தா பதறி எட்டிப் பார்த்தார்.

அதிகாரி பேனாவை மூடினார். கொஞ்சம் யோசித்து மறுபடி திறந்து உத்தரவு எழுதினார். பழைய கூட்டம் செல்லாது. புதுக் கூட்டத்தில் போகிறீர்களா என்றும் கேட்க வேண்டும், இருக்கிறீர்களா என்றும் கேட்க வேண்டும். அதுவரை ஒரு மரத்தில்கூட யாரும் கை வைக்கக் கூடாது.

முழு வெற்றி இல்லைதான். ஆனாலும் படியிறங்கும்போது வக்கீலின் கால் தரையில் பாவவில்லை. "அடுத்த கூட்டத்துல உங்களுக்காக நானே பேசிடட்டுமாக்கா?"

அக்கா செருப்பை மாட்டுவதில் மும்முரமானார்.

வக்கீலுக்கு இந்த முறை புரிந்தது. சுருக்கென்று குத்தியது, புரிந்ததே என்ற சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"சரி, நீங்களே பேசுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கட்டுமா?"

"உக்காருங்க தம்பி!" என்றார் அக்கா. தெருவே திரும்பிப் பார்த்தது.