கார்டில் இல்லாத வரி

சார்லஸ் சார் எங்களைத் தினமும் ஒரு பக்கம் டைரி எழுதச் சொல்லியிருக்கிறார், இங்கிலீஷில். நான் முதலில் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு மாற்றுவேன். இடது பக்கம் நடந்தது, வலது பக்கம் அதைப் பற்றி நான் நினைத்தது. இரண்டையும் கலந்து எழுதினால் எது நடந்தது, எது என் கற்பனை என்று ஒரு வாரம் கழித்து எனக்கே தெரிவதில்லை. மதகடிப்பட்டில் மொபைல் கடைக்கு மேல்மாடியில் நடக்கும் அந்தச் சாயங்கால இங்கிலீஷ் வகுப்பில் இப்படி எழுதுகிறவள் நான் ஒருத்திதான். செல்வி இதற்கு வைத்த பெயர் 'கோர்ட்டு நோட்டு'.

செல்வி என்றால் ஆரோக்கியசெல்வி. காட்டேரிக்குப்பத்துக்காரி. சோப்பு கம்பெனியில் பகல் ஷிப்ட் முடித்துவிட்டு வகுப்புக்கு வருவாள். நான் அதே தெருவில் இருக்கும் எங்கள் அத்தாவின் ஸ்டேஷனரி கடையிலிருந்து எழுந்து வருவேன். பத்து மாதமாக ஒரே பெஞ்சு. சார் மாதிரி, பஸ் கண்டக்டர் மாதிரி, தன் சூப்பர்வைசர் மாதிரி அவள் பேசிக் காட்டினால் பெஞ்சே குலுங்கும்.

ஜூலையில் சார் ஒரு செய்தி கொண்டுவந்தார். பக்கத்து மெடிக்கல் காலேஜில் மாணவர்கள் நோயாளியிடம் பேசிப் பழகுவதற்கு, நோயாளி மாதிரி நடிக்க ஆள் வேண்டுமாம். மூன்று சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுடன். செல்வி உடனே கையைத் தூக்கினாள். என் கையையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கினாள்.

ஆளுக்கு ஒரு கார்டு கொடுத்தார்கள். என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கும். கார்டில் இல்லாததைக் கேட்டால் 'தெரியல டாக்டர்' என்று மட்டும் சொல்ல வேண்டும். செல்விக்குத் தலைவலி. எனக்குத் தலைசுற்றல். மாணவர் என்னைக் காலைச் சேர்த்து வைத்து, கண்ணை மூடி நிற்கச் சொல்வார். நான் தள்ளாட வேண்டும். முதல் சனிக்கிழமை நான் தள்ளாடியதில் மாணவரே சிரித்துவிட்டார்.

அறை மூலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த செல்வி பஸ் ஸ்டாப்பில் ஆரம்பித்தாள். "இன்னாடி ஃபைஜா அது? கொடியிலருந்து துணி வுழற மாதிரி வுழற?"

"தள்ளாடணும்னு கார்டுல போட்டிருக்கு."

"தலை சுத்தறவ வுழணும்னா பாக்கறா? நிக்கணும்னுதான் பாக்கறா. நீ வுழறதுக்கு நடிக்காத. நிக்கறதுக்கு நடி. ஆட்டம் தானா வரும்."

அங்கேயே கண்ணை மூடி நின்று காட்டினாள். கால் விரல்கள் செருப்பைக் கவ்வின. தோள் லேசாக ஒரு பக்கம் போய், திரும்பி வந்தது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா பயந்துபோய் அவள் முழங்கையைப் பிடித்துவிட்டார்.

"பாத்தியா?"

நானும் முயன்றேன். கம்பம் மாதிரி நின்றேன்.

"உனக்கு ஒரு தடவையாவது தலை சுத்தியிருக்கா?"

"இல்ல."

"வர்ற வருஷம் வில்லியனூர் தேருக்கு ராட்டினத்துல ஏத்திவுடறன் இரு."

இரண்டாவது சனிக்கிழமை நான் செல்வியின் அறையில் மூலையில் உட்கார்ந்திருந்தேன். நடிக்கிறவர் கார்டின்படி சொல்கிறாரா என்று இன்னொருவர் டிக் அடிக்க வேண்டும். அது எனக்குப் பிடித்த வேலை. கண்ணாடி போட்ட ஒரு மாணவி கேள்வி கேட்டாள்.

"எத்தனை நாளா தலைவலி?"

"ரெண்டு வாரமா டாக்டர்."

டிக்.

"தூக்கம்?"

"சரியா வரல."

டிக்.

"மனசுல ஏதாவது கவலை?"

"வேல ஜாஸ்தி, அவ்ளோதான்."

டிக். மாணவியின் கேள்விகள் தீர்ந்துவிட்டன. எப்படி முடிப்பது என்று தெரியாமல் கொஞ்சம் விழித்தாள். பிறகு கேட்டாள், "வீட்ல யார்கிட்டயாவது மனசு விட்டுப் பேசுவீங்களா?"

செல்வி மேஜையைப் பார்த்தாள். "பேசுவன். சிரிக்கிற விஷயமா பாத்துப் பேசுவன். மத்தத எங்க வைக்கறதுன்னு தெரியல."

நான் காகிதத்தில் எழுதினேன்: கார்டில் இல்லாத வரி, ஒன்று.

கேன்டீனில் செல்வி தன் சாம்பார் சாதத்தில் பாதியை என் தட்டில் தள்ளினாள். அப்பளத்தையும் எனக்கே வைத்தாள். கொஞ்ச நாளாக அவள் அப்படித்தான். நான் சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன். "அந்தக் கடைசி வரி கார்டுல இல்ல. 'தெரியல டாக்டர்'னு சொல்லணும். அடுத்த வாரம் பாத்துக்கோ."

அவள் கை ஒரு நொடி நின்றது. உடனே எங்கள் வகுப்புப் பையன்கள் சாரிடம் பேசும் குரலில், "எஸ் மேடம். நோட்டட் மேடம்," என்றாள். நான் சிரித்தேன்.

அன்று வலது பக்கத்தில் எழுதியிருக்கிறேன்: 'செல்விக்குத் திறமை இருக்கிறது, ஒழுங்கு இல்லை.' அழிக்க வேண்டும் போல இருக்கிறது. அழிக்கக் கூடாது என்று விட்டுவைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை அவள் வகுப்புக்கு வரவில்லை. செவ்வாயும் இல்லை. என்ன ஆச்சு என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். கண்டக்டர் குரலில் பதில் வந்தது: "செல்வி இன்னிக்கி லீவு, உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத!"

அந்த வாய்ஸ் மெசேஜை நாலு தடவை போட்டுக் கேட்டேன். மூன்று தடவை சிரித்தேன். நாலாவது தடவை, கடைசி வார்த்தைக்கும் மெசேஜ் முடிவதற்கும் நடுவில் அவள் மூச்சு விடுவது கேட்டது. தலையிலிருந்து குடத்தை இறக்கி வைத்தவள் விடுகிற மூச்சு.

நோட்டைப் புரட்டினேன். நான் எல்லாவற்றையும் எழுதுகிறவள், அதனால் எல்லாம் இருந்தது. 'வுழறதுக்கு நடிக்காத, நிக்கறதுக்கு நடி.' ஒரு வாரம் தள்ளி, 'மத்தத எங்க வைக்கறதுன்னு தெரியல.' இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தேன். பத்து மாதமாக என் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சிரிக்க வைத்ததெல்லாம் என்ன?

ஒருவேளை வெறும் காய்ச்சலாக இருக்கலாம். நான் போய் ஏதாவது கேட்டு, ஒன்றும் இல்லையென்றால் ஆறு மாதத்துக்கு என்னைக் கிண்டல் செய்வாள். வலது பக்கத்தில் 'போகலாமா வேண்டாமா' என்று பத்து வரி எழுதிவிட்டு, புதன்கிழமை அத்தாவிடம் சொல்லிக்கொண்டு காட்டேரிக்குப்பத்துக்கு பஸ் ஏறினேன்.

வாசலில் அவள் அம்மா இருந்தார். "வாம்மா. மூணு நாளா வேலைக்கும் போவல. தலைவலின்றா. பின்னாடி இருக்கா பாரு."

செல்வி கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைச் சரிசெய்துகொண்டாள். "இன்னா மேடம், செக்கிங்கா?"

பஸ்ஸில் நான் ஆறு வாக்கியம் தயார் செய்திருந்தேன். ஆறையும் விட்டுவிட்டேன். தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டேன். "வீட்ல யார்கிட்டயாவது மனசு விட்டுப் பேசுவீங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "தெரியல டாக்டர்."

கார்டின்படி சரியான பதில். நான் சொல்லிக் கொடுத்த பதில்.

"அது தப்பு," என்றேன். "நான் சொன்னதுதான் தப்பு. அன்னிக்கு நீ சொன்னியே..."

அவள் ஒரு போர்வையை எடுத்து மடிக்கப் பார்த்தாள். பெரிய போர்வை. தரையில் இழுத்தது. நான் மறுமுனையைப் பிடித்தேன்.

"காரணம் இன்னான்னு கேப்ப," என்றாள். "உன் நோட்டுல அதுக்கு ஒரு கட்டம் வச்சிருப்ப."

"கேக்கல."

"காரணம் இருந்தா சொல்லிட மாட்டனா? வூட்ல சண்டை இல்ல. எவனும் ஏமாத்தல. காலைல எழுந்தா இந்தக் கையும் காலும் என்துதானான்னு இருக்குதுடி. அழுவக்கூட தோணல. கம்பெனில எல்லாரையும் சிரிக்க வச்சிட்டு, பாத்ரூமுக்குப் போயி சும்மா நிக்கறன். அந்தப் பொண்ணு கேட்டதும் வாயில வந்துடுச்சி. ஏன்னா அது நான் இல்லியே, கார்டு."

போர்வையை நான்காக மடித்தோம். நான் அவள் பக்கம் போய் என் முனையைக் கொடுத்தேன். அறிவுரை எதுவும் தோன்றவில்லை. தோன்றாதது நல்லதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

"அங்கயே நெஜ டாக்டரும் இருக்காங்க," என்றேன். "சனிக்கிழமை முடிச்சிட்டுப் போலாம். நானும் வரேன்."

"மனசு டாக்டரா? ஊர்ல தெரிஞ்சா பைத்தியம்னுவானுங்க."

"தலைவலின்னு சொல்லிக்கோ. அதுக்குக் கார்டே இருக்கு."

இந்த முறை அவள் சிரிப்பு தாமதமாக வந்தது. "கோர்ட்டு நோட்ட தூக்கினு வந்தன்னா தொலைச்சிடுவன்."

சனிக்கிழமை முதலில் என் முறை. செல்வி மூலையில் டிக் அடிக்க உட்கார்ந்திருந்தாள். மாணவர் காலைச் சேர்த்து வைக்கச் சொன்னார். கண்ணை மூடினேன். இது முடிந்ததும் அவள் வருவாளா, ஏதாவது சொல்லி நழுவிவிடுவாளா என்பது மட்டுமே மனதில் இருந்தது. நடிக்க மறந்துவிட்டேன். நேராக நின்றால் போதும் என்று பார்த்தேன். தரை மெல்ல ஒரு பக்கம் நகர்ந்தது. மாணவர் சட்டென்று என் முழங்கையைப் பிடித்தார். செல்வியின் காகிதத்தில் பிறகு பார்த்தேன்: 'ராட்டினம் தேவையில்லை.'

அவள் வந்தாள். ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்ததும் உள்ளே இருந்த அக்கா எங்களைப் பார்த்துச் சிரித்தார். "நடிக்க வர்ற பொண்ணுங்கதானே? உங்களுக்குச் சீட்டு வேண்டியதில்லம்மா. நேரா மாடிக்குப் போங்க."

செல்வியின் வலது புருவம் மேலே ஏறியது. ஜோக் வரும் முன்னால் அது முதலில் ஏறும். 'ஆமாக்கா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாங்கள் கேன்டீனுக்குப் போய்விடலாம். நான் வாயைத் திறந்தேன். சீட்டு அவளுக்குத்தான் என்று நானே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு மூடிக்கொண்டேன். அது அவள் சொல்ல வேண்டிய வரி. பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

புருவம் இறங்கியது.

"இன்னிக்கு நடிக்க வரலக்கா," என்றாள். "எனக்குத்தான். சீட்டு போடுங்க."

அந்த அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு பேனாவை எடுத்தார். "பேரு?"

"ஆரோக்கியசெல்வி."

"வயசு?"

"இருபத்திரெண்டு."

"என்னம்மா பண்ணுது?"

"தெரியலக்கா," என்றாள் செல்வி. "அதான் வந்தன்."

நாற்பது நிமிடம் நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். வெளியே வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது, கையில் மடித்த சீட்டு. "ரெண்டு வாரம் கழிச்சி திரும்ப வரணுமாம். நீயும் வரியா?"

"வரேன்."

கேன்டீனில் அவள் தட்டில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டாள். பிறகு என் தட்டிலிருந்து அப்பளத்தை எடுத்துக்கொண்டாள்.